ஒரு சொல், ஒரு செயல்: தானாகப் பதில் தரும் செய்திகளைப் பள்ளியில் பயன்படுத்துமுன்

பள்ளி மணிக்கு ஒரு மொழி உண்டு. ஒரு முறை அடித்தால் பாடவேளை முடிந்தது. தொடர்ந்து நீளமாக அடித்தால் வீட்டுக்குப் போகலாம். ஒன்றாம் வகுப்புக் குழந்தைகூட சில நாள்களில் இதைக் கற்றுக்கொள்கிறது. மணியோசைக்கும் வீட்டுக்குப் போவதற்கும் இயல்பான தொடர்பு எதுவும் இல்லை. இந்த ஓசை வந்தால் இதைச் செய்வது என்று முன்கூட்டியே பேசிவைத்த ஏற்பாடுதான் அது.

கைபேசியிலும் இதே ஏற்பாட்டை நாம் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறோம். தொடர்வண்டிப் பயணச்சீட்டின் நிலையை அறிய ஆங்கில எழுத்துகளில் பி.என்.ஆர். என்று தட்டி, அதையடுத்துப் பத்து இலக்க எண்ணைச் சேர்த்து 139-க்கு அனுப்பினால் பதில் வருகிறது. எண்ணை மாற்றாமல் வேறு நிறுவனத்தின் இணைப்புக்கு மாற, போர்ட் என்ற ஆங்கிலச் சொல்லுடன் நம் கைபேசி எண்ணைச் சேர்த்து 1900-க்கு அனுப்புகிறோம். மறுமுனையில் யாரும் உட்கார்ந்து இவற்றைப் படிப்பதில்லை. குறிச்சொல் வந்தவுடன் அதற்கென்று எழுதிவைத்த செயல் தானாக நடக்கிறது.

இன்று வகுப்புதோறும் பெற்றோர் வாட்ஸ்அப் குழு இருக்கிறது. மழைக்காலத்தில் மாலை ஆனதும் "நாளை லீவா சார்?" என்ற கேள்வி நாற்பது பேரிடமிருந்து வருகிறது. தேர்வுக் கால அட்டவணை, கல்வி உதவித்தொகைக்குத் தேவையான ஆவணங்கள், பள்ளி நேரம் என்று ஒரே கேள்விக்கு ஒரே பதிலை ஆண்டு முழுவதும் தட்டிக்கொண்டிருக்கிறோம். 139 செய்வதை நம் பள்ளிக்கும் செய்துகொள்ள முடியுமா என்ற எண்ணம் பல ஆசிரியர்களுக்கு வருவது இயல்பு. முடியும். ஆனால் எந்த வேலையை இயந்திரத்திடம் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். அதற்கு இந்த ஏற்பாடு உள்ளே எப்படி இயங்குகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

உள்ளே நடப்பது என்ன?

ஒரு செய்தி வந்ததும் மென்பொருள் நான்கு வேலைகளைச் செய்கிறது.

1. தூய்மை செய்தல்: செய்தியின் முன்னும் பின்னும் உள்ள இடைவெளிகளை நீக்குகிறது, ஆங்கிலமானால் எல்லா எழுத்துகளையும் சிறிய எழுத்தாக மாற்றிக்கொள்கிறது.

2. பிரித்தல்: முதற்சொல்லைக் கட்டளையாகவும் அடுத்து வருவதைத் தகவலாகவும் எடுத்துக்கொள்கிறது. 1900-க்குச் செல்லும் செய்தியில் போர்ட் என்பது கட்டளை. கைபேசி எண் தகவல்.

3. ஒப்பிடுதல்: தன்னிடம் உள்ள விதிப்பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, எந்த விதியோடு செய்தி பொருந்துகிறது என்று தேடுகிறது.

4. செயல்: பொருந்திய விதிக்கு எதிரே எழுதியிருப்பதைச் செய்கிறது. அது ஒரு பதிலை அனுப்புவதாக இருக்கலாம், பதிவேட்டில் ஒரு வரியைச் சேர்ப்பதாக இருக்கலாம், வேறொருவருக்குத் தகவல் தருவதாகவும் இருக்கலாம்.

இந்த நான்கிலும் "புரிந்துகொள்ளுதல்" என்ற வேலை இல்லை என்பதைக் கவனியுங்கள். இங்கு நடப்பது எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுதல் மட்டுமே. செயற்கை நுண்ணறிவைக் கொண்டு விடையளிக்கும் மென்பொருள்கள் வேறு வகை. இக்கட்டுரையில் பேசப்படுவது குறிச்சொல்லைப் பார்த்துச் செயல்படும் எளிய வகை.

அறுபது ஆண்டுப் பழக்கம்

குறிச்சொல்லைக் கண்டு பதில் தரும் மென்பொருள் புதியதன்று. அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் ஜோசப் வைசன்பாம் உருவாக்கிய எலிசா என்ற நிரல் பற்றிய கட்டுரை 1966-இல் வெளியானது. மனநல மருத்துவர்போல உரையாடும் வகையில் அது எழுதப்பட்டிருந்தது. தட்டியவர் தன் தாயைப் பற்றி ஏதேனும் குறிப்பிட்டால், குடும்பத்தைப் பற்றி மேலும் சொல்லுமாறு அது கேட்கும். தெரிந்த சொல் எதுவும் இல்லாவிட்டால், தொடர்ந்து பேசச் சொல்லும் பொதுவான பதில் ஒன்றைத் தரும். அது எதையும் புரிந்துகொள்ளவில்லை. ஆனாலும் பேசியவர்களில் பலர் அதற்குத் தங்கள் மனம் புரிகிறது என்று நம்பத் தொடங்கினர். இது வைசன்பாமையே கவலைகொள்ள வைத்தது. இயந்திரத்திடம் எதை ஒப்படைக்கக் கூடாது என்பதைப் பற்றி அவர் பின்னாளில் நிறைய எழுதினார்.

1988-இல் பின்லாந்தின் ஓலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஓய்க்கரினென் உருவாக்கிய ஐ.ஆர்.சி. என்னும் உரையாடல் முறை, சாய்கோட்டில் தொடங்கும் கட்டளைகளைப் பரவலாக்கியது. சாய்கோடு இருந்தால் கட்டளை, இல்லாவிட்டால் சாதாரணப் பேச்சு. இரண்டையும் பிரிக்க ஒரே ஒரு குறி போதுமானதாக இருந்தது. டெலிகிராம் 2015-இல் பாட் எனப்படும் தானியங்கிக் கணக்குகளுக்கு வழிசெய்தபோது இதே சாய்கோட்டு முறையைப் பின்பற்றியது. இன்றும் டெலிகிராம் பாட் ஒன்றைத் திறந்தால் சாய்கோட்டுடன் ஸ்டார்ட் என்ற கட்டளையே முதலில் செல்கிறது.

தமிழில் வரும் சிக்கல்கள்

அரசுச் சேவைகளின் குறிச்சொற்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்திலேயே இருப்பதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணமும் உண்டு. ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 பைட்டு. ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் 7 பிட்டு போதும் என்பதால் 160 எழுத்துகள் அடங்கும். தமிழுக்கு யூனிகோடு தேவை. ஒவ்வொரு குறிக்கும் 16 பிட்டு வேண்டும் என்பதால் 70 குறிகளே அடங்கும். அதிலும் "கி" என்பது நம் கண்ணுக்கு ஓர் எழுத்து. கணினிக்குக் ககரம் ஒன்று, இகரக் குறி ஒன்று என இரண்டு.

வாட்ஸ்அப், டெலிகிராம் போன்றவற்றில் இந்த இட நெருக்கடி இல்லை. அங்கு வரும் சிக்கல் வேறு. தமிழாசிரியர்களுக்கு இது நன்கு தெரிந்த செய்தி: தமிழ்ச்சொல் வேற்றுமை ஏற்கும்போது வடிவம் மாறுகிறது. "பாடம்" என்பதைக் குறிச்சொல்லாக வைத்தால், "பாடத்தை அனுப்புங்கள்" என்ற செய்தியில் அந்தச் சொல்லே இல்லை. மகர ஈறு கெட்டு அத்துச் சாரியை வந்துவிட்டது. "தேர்வு" என்பதைத் தேடும் இயந்திரத்துக்கு "தேர்வை" என்பது தெரியாது, முற்றியலுகரம் கெட்டுவிட்டது. மனிதருக்குப் புணர்ச்சி விதி மனத்துக்குள் இருக்கிறது. ஒப்பிட மட்டுமே தெரிந்த இயந்திரத்துக்கு அது இல்லை.

எழுத்தளவிலும் ஒரு சிக்கல் உண்டு. "கொ" என்பதை யூனிகோடில் ககரத்துடன் ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்த்தும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகச் சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஒப்பிடும் நிரலுக்கு அவை வெவ்வேறு. ஒப்பிடுவதற்கு முன் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்கு மாற்றும்படி நிரலில் எழுதினால்தான் சரியாகும்.

பெற்றோர் தட்டும் விதத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "வரவில்லை", "வரல", "வரமாட்டான்" என்று ஒரே பொருளுக்குப் பல வடிவங்கள். பலர் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிறார்கள். எழுதத் தயங்குவோர் குரல்செய்தி அனுப்புகிறார்கள். குறிச்சொல் தேடும் மென்பொருளுக்கு அது கேட்காது.

இவற்றுக்கெல்லாம் எளிய தீர்வு, தட்டச் சொல்லாமல் தொடச் சொல்வது. டெலிகிராமில் சாய்கோட்டுக் கட்டளைகளை ஆங்கில எழுத்துகளில்தான் வைக்க முடியும். ஆனால் திரையில் தோன்றும் பொத்தான்களில் தமிழில் எழுதலாம். "பள்ளி நேரம்" என்ற பொத்தானைத் தொட்டால் அந்தச் சொல் பிழையின்றி அப்படியே செல்லும். அல்லது எண்களைக் குறிச்சொல்லாக வைக்கலாம்: பள்ளி நேரத்துக்கு 1, தேர்வு அட்டவணைக்கு 2. எண்ணுக்குப் புணர்ச்சி விதி கிடையாது.

"வரவில்லை" என்ற ஒரு சொல்

இனி முதன்மையான செய்திக்கு வருவோம். ஒரு பள்ளி இப்படி ஒரு விதி எழுதுவதாகக் கொள்வோம்: செய்தியில் "வரவில்லை" என்ற சொல் இருந்தால், அந்த மாணவரின் பெயரை இன்றைய விடுப்புப் பட்டியலில் சேர்த்து, "விடுப்பு பதிவு செய்யப்பட்டது. நன்றி" என்று பதில் அனுப்பு. காலையில் "உடம்பு சரியில்லை, இன்று வரவில்லை" என்று எழுதும் பெற்றோருக்கு இது நன்றாகவே வேலை செய்யும்.

அதே நாள் மாலை ஆறு மணிக்கு ஒரு தாய் எழுதுகிறார்: "பாப்பா இன்னும் வீட்டுக்கு வரவில்லை." விதி பொருந்துகிறது. "விடுப்பு பதிவு செய்யப்பட்டது. நன்றி" என்று பதில் போகிறது. செய்தி "பதிலளிக்கப்பட்டது" என்ற கணக்கில் சேர்ந்துவிடுவதால் எந்த ஆசிரியரின் கண்ணிலும் படாமல் போகலாம்.

மென்பொருளில் பழுது எதுவும் இல்லை. அது சொன்னதைச் செய்தது. தவறு விதியை எழுதிய முறையில் இருக்கிறது. இதைத் தவிர்க்க நான்கு வழிகள் உள்ளன.

முதலாவது, "இந்தச் சொல் உள்ளே எங்காவது இருந்தால்" என்ற விதியைத் தகவல் தருவதற்கு மட்டும் பயன்படுத்துங்கள். பதிவு செய்தல், நீக்குதல், பிறருக்கு அனுப்புதல் போன்ற செயல்களுக்கு "செய்தி முழுவதும் இப்படியே இருந்தால்" என்ற விதிதான் வேண்டும். விடுப்புக்கு "விடுப்பு 7ஆ 23" என்று கட்டளை, வகுப்பு, வரிசை எண் என்ற அமைப்பில் வந்தால் மட்டுமே ஏற்பது என்று வைத்தால், பேச்சுவாக்கில் வரும் செய்திகள் விதியில் சிக்கா.

இரண்டாவது, செயலுக்கு முன் உறுதி கேளுங்கள். "7ஆ பிரிவு, வரிசை எண் 23, இன்று விடுப்பு. சரியெனில் 1 அனுப்பவும்." ஒரு படி கூடுகிறது, தவறு பெரிதும் குறைகிறது.

மூன்றாவது, எந்த விதியிலும் பொருந்தாத செய்தியை மனிதரிடம் சேர்ப்பியுங்கள். "நன்றி, தங்கள் செய்தி கிடைத்தது" என்று மட்டும் சொல்லி நிறுத்துவது எலிசா தந்த பொதுவான பதிலைப் போன்றது. கேட்டவருக்கு யாரோ கேட்டுக்கொண்டார்கள் என்ற ஆறுதல் கிடைக்கும். உண்மையில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

நான்காவது, தானியங்கிப் பதில் ஒவ்வொன்றிலும் அது தானியங்கிப் பதில் என்பதைக் குறிப்பிடுங்கள். அவசரமானால் யாரை அழைப்பது என்பதையும் சேருங்கள்: பள்ளியின் தொலைபேசி எண், குழந்தைகள் உதவி எண் 1098, அவசர உதவி எண் 112.

கேட்பவர் யார்?

குறிச்சொல் என்பது கடவுச்சொல் அன்று. குழுவில் எல்லாருக்கும் தெரிந்ததுதான் குறிச்சொல். எனவே "மதிப்பெண்" என்று தட்டி வரிசை எண்ணைச் சேர்த்தால் மதிப்பெண் வரும் என்று வைத்தால், எந்தக் குழந்தையின் மதிப்பெண்ணையும் யார் வேண்டுமானாலும் பார்த்துவிடலாம். பிறந்த தேதியையும் கேட்கலாமே என்று தோன்றும். உடன் படிக்கும் நண்பனின் பிறந்த நாள் வகுப்பு முழுவதற்கும் தெரியும்.

1900-க்கு அனுப்பும் செய்தியில் இதற்கு ஒரு நல்ல பாடம் இருக்கிறது. இணைப்பை மாற்றுவதற்கான குறியீடு, மாற்ற வேண்டிய எண்ணுக்கே வந்து சேர்கிறது. அந்த எண்ணைக் கையில் வைத்திருப்பவர்தான் அடுத்த படிக்குச் செல்ல முடியும். பள்ளியும் அதுபோல, சேர்க்கையின்போது பெற்றோர் தந்த எண்ணிலிருந்து வரும் செய்திக்கு மட்டுமே அக்குழந்தை பற்றிய தகவலைத் தரலாம். அப்போதும் மதிப்பெண், சாதி, வருமானம், உடல்நலம் போன்றவற்றைத் தானியங்கிப் பதிலில் தராமல் இருப்பதே நல்லது. 2023-ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவர்களைக் குழந்தைகள் என்கிறது. அவர்களுடைய தரவைக் கையாளச் சரிபார்க்கத்தக்க பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்பதைப் பொது விதியாக வைத்திருக்கிறது.

குறியீடு ஒரு செயலைத் தூண்டும் என்பதை மோசடிக்காரர்களும் அறிவார்கள். *401* என்று தொடங்கும் எண்ணை அழுத்தச் சொல்லி, ஒருவருக்கு வரும் அழைப்புகளைத் தங்கள் எண்ணுக்குத் திருப்பிக்கொள்ளும் ஏமாற்று இந்தியாவில் பரவியது. அழைப்பு மூலம் வரும் ஒருமுறைக் கடவுச்சொற்களும் அவ்வழியே அவர்களைச் சென்றடைந்தன. இதனால் இத்தகைய குறியீட்டின் வழி அழைப்பைத் திருப்பும் வசதியை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்திவைக்குமாறு மத்திய தொலைத்தொடர்புத் துறை நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. பொருள் தெரியாத குறியீட்டைப் பிறர் சொல்லித் தட்டக் கூடாது என்பதை மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் நாம் சொல்லித்தர வேண்டும்.

இரண்டு இயந்திரங்கள் பேசினால்

பள்ளிக் கணக்கு தானாகப் பதில் தருகிறது. பெற்றோர் ஒருவரின் கடைக் கணக்கும் தானாகப் பதில் தருகிறது. பள்ளி அனுப்பிய நன்றிக்குக் கடை நன்றி சொல்லும். அதற்குப் பள்ளி மீண்டும் நன்றி சொல்லும். நிறுத்த ஆளில்லாவிட்டால் இது விடிய விடிய நடக்கும். 1993-இல் வெளியான ஐ.ஆர்.சி. நெறிமுறை ஆவணமே இதற்கு ஒரு விதி வகுத்திருந்தது. நோட்டீஸ் என்ற வகைச் செய்திக்கு எந்த மென்பொருளும் தானாகப் பதில் அனுப்பக் கூடாது என்பதே அது. ஒரே எண்ணுக்குக் குறிப்பிட்ட நேரத்துக்குள் ஒரு தானியங்கிப் பதிலுக்கு மேல் போகாது என்று நம் விதிப்பட்டியலிலும் எழுதிவைக்கலாம்.

கையில் இருக்கும் கருவிகள்

வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் வாழ்த்துச் செய்தி, பணிநேரத்துக்கு அப்பால் செல்லும் செய்தி, விரைவுப் பதில் ஆகிய வசதிகள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. இவற்றில் விரைவுப் பதில் நமக்கு மிகவும் ஏற்றது. அடிக்கடி அனுப்பும் பதிலுக்கு ஒரு சுருக்கப்பெயர் வைத்துக்கொண்டு, சாய்கோட்டுடன் அதைத் தட்டினால் முழுப் பதிலும் திரையில் வரும், அனுப்புவது ஆசிரியரே. வந்த செய்தியை ஒரு மனிதர் படித்துவிட்டுத்தான் பதில் போகிறது என்பதால், மேலே சொன்ன "வரவில்லை" சிக்கல் இங்கு எழாது. தானியங்கி முறையைத் தொடங்க நினைப்பவர்கள் முதலில் ஒரு பருவம் விரைவுப் பதிலைப் பயன்படுத்திப் பாருங்கள். எந்தக் கேள்விகள் உண்மையில் திரும்பத் திரும்ப வருகின்றன என்பது தெரிந்துவிடும்.

டெலிகிராமில் பாட்ஃபாதர் என்ற கணக்குடன் உரையாடியே புதிய பாட் ஒன்றைத் தொடங்கலாம். அது தரும் டோக்கன் என்ற நீண்ட எழுத்துத் தொடர்தான் சாவி. அது யார் கையில் கிடைத்தாலும் அவர் அந்த பாட்டை இயக்கலாம். அதைக் குழுவில் பகிரவோ திரைப்படம் எடுத்து அனுப்பவோ கூடாது. டெலிகிராம் பாட் தானாக முதலில் யாருக்கும் செய்தி அனுப்ப முடியாது; பயனர்தான் தொடங்க வேண்டும். குழுவில் சேர்த்தாலும், இயல்பான அமைப்பில் பொதுவான பேச்சு அதற்குத் தெரியாது. தனக்கு வரும் கட்டளைகள், பதில்கள் போன்றவை மட்டுமே தெரியும். இந்த அமைப்பை மாற்றாமல் விடுவதே நல்லது.

வகுப்பறையில்

இந்தப் பாடத்துக்குக் கணினி தேவையில்லை. தொடக்கப் பள்ளியில் ஒரு மாணவரை "இயந்திரம்" ஆக்குங்கள். அவர் கையில் ஐந்து விதிகள் உள்ள அட்டை: "பூ" என்று வந்தால் கைதட்டு, "பூனை" என்று வந்தால் உட்கார், எதுவும் பொருந்தாவிட்டால் தலையசை. மற்றவர்கள் சீட்டில் எழுதித் தரட்டும். "பூனை" என்ற சீட்டு வந்ததும் ஒரு கேள்வி எழும். அதில் "பூ" இருக்கிறதே, கைதட்டுவதா, உட்காருவதா? விதிகளை எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்பதைக் குழந்தைகளே கண்டுபிடிப்பார்கள். "பூவை" என்று எழுதினால் என்ன ஆகும், "பூணை" என்று பிழையாக எழுதினால் என்ன ஆகும் என்று தொடரலாம்.

உயர்நிலை வகுப்புகளில் குழுவாகப் பிரித்து, நூலகத்துக்கோ பள்ளி விளையாட்டு விழாவுக்கோ பத்து விதிகள் எழுதச் சொல்லுங்கள். பிறகு பட்டியல்களை மாற்றிக்கொள்ளட்டும். ஒவ்வொரு குழுவும் அடுத்த குழுவின் விதிகளைத் தவறான பதில் தரவைக்கும் மூன்று செய்திகளைத் தேட வேண்டும். விதி எழுதுவதைவிட விதியை முறிக்கும் செய்தியைத் தேடுவதில் மாணவர்கள் அதிகம் கற்பார்கள். "என் தம்பியைக் காணவில்லை" என்று ஒருவர் எழுதினால் உங்கள் பட்டியல் என்ன பதில் தரும் என்பதைக் கடைசிக் கேள்வியாக வையுங்கள். அங்கிருந்து தொடங்கும் உரையாடலுக்கு ஒரு பாடவேளை போதாமல் போகலாம்.

தொடங்குமுன் சரிபார்க்க

• தலைமையாசிரியரின் ஒப்புதலும் பள்ளி மேலாண்மைக் குழுவின் இசைவும் பெற்றாயிற்றா?
• குறிச்சொற்கள் எண்களாகவோ பொத்தான்களாகவோ உள்ளனவா?
• செயலைத் தூண்டும் விதிகள் முழுப் பொருத்தம் கேட்கின்றனவா? உறுதி கேட்கின்றனவா?
• பொருந்தாத செய்தியை எந்த ஆசிரியர், எத்தனை மணிக்குள் படிப்பார்? விடுமுறை நாளில் யார்?
• எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோருக்கு அழைப்பு வழி உள்ளதா?
• எந்தத் தகவல் தானாகப் போகவே கூடாது என்ற பட்டியல் எழுதப்பட்டுள்ளதா?

இந்தப் பட்டியலில் நான்காவது கேள்விக்கு ஓர் ஆசிரியரின் பெயரை எழுத முடிந்தால் தொடங்கலாம். முடியாவிட்டால், அந்த ஏற்பாடு ஆகும்வரை நாமே படித்து நாமே பதில் எழுதுவோம்.